ஐயாவின் கேம்பிரிட்ஜ் திரும்ப றோட்டுக்கு வந்தது

உரும்பிராய், யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சானுக்கு,

நீ அனுப்பிய பார்சல் எப்போதோ கைக்கு வந்துவிட்டது. பதில் போடவில்லை என்று கோபிக்காதே. வேலை முடிந்தபிறகு எழுதுவோம் என்று இருந்தேன். அது முடிகிற மாதிரியே தெரியவில்லை. முடிந்தபிறகும் ஒரு கிழமை எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்போது சொல்லலாம்: ஐயாவின் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் பிக்கப் ஓடுகிறது. நேற்று பதினொரு மூட்டை வெங்காயம் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய் வந்தேன். மூட்டை 45 கிலோ. அரை டன் பிக்கப்புக்கு அதுதான் கணக்கு, அதற்குமேல் ஒரு கத்தரிக்காய்ப் பை கூட ஏற்றவில்லை.

இந்த வயதில் இது உனக்குத் தேவையா என்று கேட்டிருந்தாய். ஐயாவின் நினைவு என்று நினைத்திருப்பாய். அதுவும் கொஞ்சம் உண்டு, ஆனால் முதல் காரணம் காசு. 2010இல் லீசிங்கில் எடுத்த பட்டா லொறிக்குப் போன மாரியோடு கியர்பொக்ஸ் போய்விட்டது. வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தியவர்கள் 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். திறந்து என்ன, வரியோடு விலையைக் கேட்டால் தோட்டத்தை விற்றுத்தான் லொறி வாங்க வேண்டும். பிறகு அந்த லொறியில் எதை ஏற்றுவது? அப்போதுதான் பின்வளவுக் கொட்டில் பக்கம் போனேன்.

பதினைந்து வருசம் மச்சான். தறப்பாளை இழுத்தால், சீற்றில் கோழி அடைகிடந்த வைக்கல், டாஷ்போட் பெட்டிக்குள் எலிக் குடும்பம், நாலு ரயரும் மண்ணோடு மண்ணாய். எஞ்சின் இறுகிக் கிடந்தது. முன்னுக்கு ஹாண்டிலைப் போட்டு நானும் மருமகனும் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை.

கொக்குவில் மெக்கானிக் அண்ணையை உனக்கு நினைவிருக்கும். எண்பதைத் தொடப்போகிறார். கை நடுங்குகிறது, ஆனால் வாய் நடுங்கவில்லை. கதிரையைக் கொட்டில் வாசலில் போட்டு இருந்துகொண்டு பேரனை வேலை வாங்கினார். நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் டீசலும் பிறேக் ஒயிலும் கலந்து ஊற்றச் சொன்னார். “இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. பொறுமை கெட்டு அடிச்சால் றிங் உடையும்.” ஒவ்வொரு நாளும் காலமை கொஞ்சம் ஊற்றி, ஹாண்டிலை முன்னும் பின்னும் மெதுவாய் ஒரு அசை, அவ்வளவுதான். ஆறாம் நாள் ஒரு நகக்கண் அளவு அசைந்தது. அந்த அசைவு கைக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஏழாம் நாள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. மருமகன் படம் பிடிக்க மறந்துவிட்டான், நல்லதுதான்.

பிறகு ஹெட்டைக் கழற்றினோம். அதில்தான் கூத்து. அடியில் காஸ்கற் என்ற அடைப்புத் தகடு ஒன்றுக்குப் பதில் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த மடையன் இதைச் செய்தவன்?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாடையைச் சொறிந்துகொண்டு, “ஓ... அது நான்தான்” என்றார். 1991இல், பெற்றோல் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடுவதற்காக அவரே போட்டது. மண்ணெண்ணெய் வெடிப்புத் தாங்காது, எஞ்சின் தட்டும். இரண்டு காஸ்கற் போட்டால் ஹெட் கொஞ்சம் உயரும், அமுக்கம் குறையும், தட்டுவதும் குறையும்.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையை இப்போது வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். நாங்களும் கொஞ்சம் உப்பு, புளி சேர்த்துத்தான் சொல்கிறோம். கெட்டித்தனம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நாங்கள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. நீ இருக்கிற இங்கிலாந்தில் பழைய பெர்குசன் ட்ரக்டர்களில் ஒரு வகை இப்படித்தான் ஓடியது: பெற்றோலில் எழுப்பி, சூடானதும் மலிவு எண்ணெய்க்கு மாற்றுவது. எங்களுக்கு அது சேலைன் போத்தலும் குழாயும். பெற்றோல் சொட்டுச் சொட்டாய்க் காபரேற்றருக்குள் போய், எஞ்சின் எழும்பிச் சூடேறியபிறகு மண்ணெண்ணெய். இதை எல்லாரும் சொல்வார்கள். எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

நான் பார்த்துவிட்டேன். பிஸ்ரன் தலையில் கரி ஒரு விரல்நகத் தடிப்பில் படிந்திருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவி இறக்கியிருக்கிறது. சிலிண்டர்த் துளை, அதுதான் போர், மேல்பக்கம் தேய்ந்து, விரலை வைத்தால் படி தட்டுகிறது. ஐயா காலமையில் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்து, “பார், ஒரு சொட்டு ஒயில் குடிக்கேல்லை” என்று பெருமைப்படுவார், நினைவிருக்கிறதா? குடித்ததுதான். குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் கீழே இறங்கிக் கலந்து நின்றது, அதனால் மட்டம் அப்படியே தெரிந்தது. அந்தத் தண்ணி ஒயிலில் ஓடியே கிராங்கில் கோடு கோடாய்க் கீறல். லேத்தில் கொடுத்துக் கிராங்கை இருபது தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) குறைத்துக் கடைந்து, போரை முப்பது தௌ பெருப்பித்தோம். அந்த மனிசன் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு விசயம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு செம்மணி வெளியில் வண்டி நின்றது உனக்கு மறக்குமா? உன் அம்மா பின்னால் தையல் மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தா. மழை. முன்னும் பின்னும் சனம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம். எஞ்சின் ஒருமுறை நின்றது, பிறகு எழும்பவேயில்லை. ஒயில் போய்விட்டது, பிளக் நனைந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். நீ காபரேற்றரைக்கூடக் கழற்றப் போனாய். அண்ணையிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “சேலைன் போத்தில்லை பெற்றோல் இருந்ததோ?” இருக்கவில்லை. ஊரைவிட்டு வெளிக்கிடும்போது எழுப்புவதற்கே ஊற்றி முடித்துவிட்டோம். சனத்துக்குள் ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் ஆறி நின்றபிறகு, மண்ணெண்ணெயில் அதை யாராலும் எழுப்ப முடியாது. பழுது ஒன்றும் இல்லை மச்சான். ஒரு சோடாப் போத்தல் பெற்றோல் இருந்திருந்தால் நாங்கள் நாவற்குழிப் பாலம் மட்டும் தள்ளியிருக்கத் தேவையில்லை. முப்பது வருசமாய் வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, சாமான் கதைக்கு வருகிறேன். பேர்மிங்ஹாமில் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலைக்குக் கிட்டத்தான் நீ இருக்கிறாய், இது பிறந்த இடம் அதுதான். 2005இல் அது மூடப்பட்டபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் என்று கேட்டால் சாமான் கிடையாது என்று நீ கவலைப்பட்டாய், எம்.ஜி.ஏ. என்று கேள் என்று நான் சொன்னதும் கிடைத்தது பார்த்தாயா? அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஐயாவின் பிக்கப்புக்கும் ஒரே 1489 சி.சி. எஞ்சின்தான். பணக்காரர் ஆசையாய் வைத்திருக்கிற கார் என்பதால் அதற்குக் காஸ்கற் இன்றைக்கும் அடிக்கிறார்கள். எங்கள் வண்டி அந்தப் புண்ணியத்தில் ஓடுகிறது.

பிஸ்ரனுக்கு வேறு வழி. இந்தியாவின் அம்பாசடரிலும் கனகாலம் இதே எஞ்சின்தான் இருந்தது. அம்பாசடர் செய்வது 2014இல் நின்றுவிட்டது, ஆனால் சென்னை புதுப்பேட்டையில் சாமான் நிற்கவில்லை. மருமகன் பலாலியில் விமானம் ஏறி, மூன்றாம் நாள் பிஸ்ரன், றிங், பெயரிங், தண்ணிப் பம்ப் எல்லாவற்றையும் ஒரு பட்டுச்சேலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். சேலை எங்கே என்று அவன் மனுசி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பெற்றோல் தாங்கி உள்ளே முழுக்கத் துரு. சங்கிலித் துண்டும் மண்ணெண்ணெயும் போட்டு மூடி, பிள்ளைகளிடம் விட்டோம். வளவு முழுக்க உருட்டி விளையாடினார்கள். இரண்டு நாளில் சுத்தம். பிறேக்குக்கு நீ அனுப்பிய றப்பர்கள் அச்சாய்ப் பொருந்தின. ரிங்கரிங், அதுதான் தகர வேலையை மட்டும் குறைத்துக்கொண்டேன். பின்பெட்டித் தகடு மாற்றினேன், கதவில் இருந்த துவக்குச் சன்னத் துளைகளை அடைக்க விடவில்லை.

வயரிங்கில்தான் வாங்கிக் கட்டினேன். கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் வந்தான், இந்தக் காலத்துக் கார்களில் புலி. பற்றரியைத் தன் பழக்கத்துக்கு மைனசை பொடியில் பூட்டிவிட்டான். பழைய ஒஸ்ரினுக்குப் பிளஸ்தான் எர்த். வண்டி எழும்பியது, நாங்கள் கைதட்டினோம். அக்சிலரேற்றரை ஒரு மிதி மிதித்ததும் டாஷ்போட்டுக்குக் கீழே இருந்து புகை. டைனமோ ஒரு திசையில் தள்ள, பற்றரி மறுதிசையில் நிற்க, கட்அவுட் என்ற சார்ஜ் சுவிச்சின் முனை இரண்டும் ஒட்டிப் பிடித்துவிட்டன. நான் பாய்ந்து பற்றரி வயரைப் பிடுங்கியதில் உள்ளங்கை கொப்பளித்தது. அண்ணை மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. முனைகளை அரம் போட்டுத் தட்டையாக்கி, பற்றரியைத் திருப்பிப் பூட்டி, டைனமோவின் எஃப் முனையில் வயரை இரண்டு தரம் டிக், டிக் என்று தட்டச் சொன்னார். பொறி பறந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காய்ச் சார்ஜ் ஏறுகிறது. பெடியன் பொனற்றுக்கு உள்பக்கம் ‘பிளஸ் எர்த்’ என்று பெரிதாய்ப் பெயின்றால் எழுதிவிட்டுப் போனான்.

கந்தோர் வேலை பற்றி எழுதிக் கடிதத்தைக் கெடுக்கவில்லை. ஐயாவின் பெயரில் இருந்து என் பெயருக்கு மாற்ற நாலு நடை, பழைய நிலுவை, இன்சூரன்ஸ். புகைப் பரிசோதனையில் முதல்நாள் பெயில், காபரேற்றரைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு மறுநாள் பாஸ். மண்ணெண்ணெய்க்குப் பழகின எஞ்சினைப் புகையில் பாஸ் பண்ணவைத்ததில் அண்ணைக்குத்தான் பெருமை.

கொழும்பில் இருந்து இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள். மட்காட்டைத் தட்டிப் பார்த்து ‘ஒறிஜினல்’ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சொன்ன விலை மோசமில்லை. கலியாண ஊர்வலத்துக்கு மாலை போட்டு வாடகைக்கு விடுவார்களாம். வெங்காயச் சீசன் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முடிந்ததும் நீர்வேலி வாழைக்குலை இருக்கிறது, அதை அவர்களிடம் சொல்லவில்லை.

மார்கழியில் வருவதாய் எழுதியிருந்தாய். வரும்போது விண்ட்ஸ்கிறீன் றப்பர் ஒன்று கொண்டுவா. மழைக்கு என் வலது முழங்காலில் நேரே சொட்டுகிறது. நீளத்தை அளந்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். கதவுக் கைப்பிடி ஒன்றும் இடதுபக்கத்துக்கு வேண்டும், இப்போது கயிறு கட்டியிருக்கிறேன். இரண்டு பேருமாய் ஒருநாள் நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரி மட்டும் போய் வருவோம். சீற்றுக்குப் பின்னால் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் வைத்திருக்கிறேன். தேவையில்லை என்று அண்ணை சொல்கிறார். எடுக்க மனம் வரவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்