விட்டு வாசித்த இரண்டு பத்திகள்

அக்கா,

அடுத்த வாரம் உங்கள் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. இதை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீல டிக் வந்ததா என்று நாள் பூராவும் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் தம்பியும் வாசிப்பார் என்று தெரியும். அம்மாவை வைத்து நான் எழுதிய அந்தக் கதையில் என்ன இருந்தது என்று சொல்லப் போவதில்லை. ஊர் கோவில்பட்டி, அதுவரைக்கும் சொல்லலாம்.

அந்த 2017 சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கதை வந்த இதழ் வெளியாகி நாலு நாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வாசித்துவிட்டீர்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் அத்தனை வருஷம் கட்டை அடுக்கிய விரல்கள், சும்மா இருக்கும்போதும் எதையோ அடுக்குகிற மாதிரியே அசையும். "என்னையப் பத்தி எழுதியிருக்கியாமே, வாசி தாயி, கேப்போம்" என்றார். வாசித்தேன். அந்த இரண்டு பத்திகள் வந்தபோது கண் தாண்டிப் போய்விட்டது, குரல் எங்கேயும் தடுக்கவில்லை, அவ்வளவு சுத்தமாக விட்டு வாசித்தேன். அம்மா என் கன்னத்தைத் தொட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். நீங்கள் இதழை வாங்கி இரண்டாக மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு, காபி போட உள்ளே போனீர்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அக்கா. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் எழுதியும் இருப்பேன். அந்தக் காபியைக் குடித்துவிட்டு வந்தவள்தான், முதல் வரி எழுதுவேன், அடுத்த வரிக்குள் இது யார் வீட்டு விஷயம் என்று மனசு கேட்கும், அழித்துவிடுவேன். 2020 ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் நாவல் பாதி முடிந்தது என்று உங்களிடம் சொன்னது பொய். ஒரு பக்கம்கூட இல்லை. தேறவில்லை என்று முகத்திலேயே தெரிந்ததோ என்னவோ, சுந்தர ராமசாமி மாதிரி பெரிய எழுத்தாளரே 1966-இலிருந்து 1973 வரை எழுதாமல்தானே இருந்தார் என்று தேற்றினீர்கள். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டே இன்னும் சில வருஷங்களைப் போக்கினேன். எழுத்தாளர் பெருமாள்முருகன், தன் நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தபோது அவரைத் துரத்தியவர்கள் வெளியே இருந்தார்கள். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம், அவர் திரும்பி வந்து எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது. எனக்கு அப்படிச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். காத்திருந்தது என் தப்பு. ஆனால் அம்மாவை எழுது எழுது என்று என்னைத் தூண்டியது யார்?

அம்மா போன அன்றைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அந்த வீட்டுக்குள் வரத் தைரியம் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன், எழுதும்போதே அது போதாது என்று தெரிகிறது.

அன்று ராத்திரிதான் பையனின் பழைய கணக்கு நோட்டை எடுத்து, விட்ட இரண்டு பத்திகளை அம்மாவுக்கே சொல்கிற மாதிரி, "நீங்க" என்று போட்டு எழுதினேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். விடிந்தபோது நாலு பக்கம். அப்புறம் தினமும் அரை மணி நேரம், பேனாவில், அடிக்கலாம் ஆனால் கிழிக்கக் கூடாது, எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் திருப்பிப் பார்க்கக் கூடாது. பல நாள் வெறும் குப்பைதான் வந்தது, இருந்தாலும் பக்கத்தை நிரப்பிவிட்டே எழுந்தேன். இப்போது மூன்று நோட்டு ஆகியிருக்கிறது.

கதைத் தொகுப்பு போடக் கேட்கிறார்கள். பழைய கதை அதில் இருக்காது, நேற்று சொல்லிவிட்டேன். புதிதாக எழுதியதை நீங்கள் கேட்காமல் யாருக்கும் தரமாட்டேன். வேண்டாம் என்றால் நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் எழுதுவதை இனி நிறுத்த மாட்டேன்.

திதிக்கு வருகிறேன். சடங்கெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நீங்கள் சம்மதித்தால், ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன். நடுவில் எழுந்து காபி போடப் போய்விடாதீர்கள் அக்கா.