ஆண்டீஸ் இன்காக்களோடு தொடங்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பெரு பயணக் கட்டுரையில் இன்காக்களின் மலைநகரமான மச்சு பிச்சுவின் வர்ணனை அருமை. ஆனால், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் ஒதுங்கிக் கிடந்த மக்களை இன்காக்கள்தான் முதன்முதலில் வெளியுலகோடு இணைத்தார்கள் என்று எழுதியிருப்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

இன்காப் பேரரசு 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 3,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள, சாவின் பண்பாட்டு மக்களின் சாவின் டி ஹுவாந்தர் கோயிலில் கடற்சங்கு ஊதியிருக்கிறார்கள். 2001-இல் அங்கே நிலத்தடி அறை ஒன்றில் 20 சங்குகள் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு அவை வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. அந்தச் சங்கு வாழ்வதோ ஈக்வடோர் பக்கத்து வெதுவெதுப்பான கடலில்! சக்கர வண்டியே இல்லாத நாட்டில், மனிதர் தோளிலும் லாமா என்னும் சுமை விலங்குகளின் முதுகிலும்தான் பொருள்கள் மலையேறின.

கட்டுரையாளர் செர்ரோ பவுல் பக்கம் போகாதது பெரிய குறை. தெற்குப் பெருவின் மொகேகுவா பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் தட்டை உச்சிக் குன்று அது. அயகுச்சோ பகுதியிலிருந்து வந்த வாரி அரசினர், கி.பி. 600 வாக்கில், சொட்டு நீரில்லாத அந்த உச்சியில் குடியேறினார்கள். தண்ணீர், தானியம், விறகு எல்லாம் கீழிருந்துதான் ஏற வேண்டும். அதே பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், ஓமோவில், டிடிகாகா ஏரிக்கரையின் திவனாக்கு அரசைச் சேர்ந்தவர்கள் பயிர் செய்தார்கள். ஆண்டீஸின் இரு பேரரசுகள் இப்படிப் பல தலைமுறைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வாழ்ந்த இடம் வேறு எங்கே இருக்கிறது?

வாரிகளின் அரசியல் விருந்தில் நடந்தது. குன்றின் உச்சியில் பெரிய மது வடிப்பகம் ஒன்றை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். மோயே மரத்தின் பழங்களைக் கொண்டு, கடைகளில் இன்று இளஞ்சிவப்பு மிளகு என்று விற்கிறார்களே, அதைக் கொண்டு, சிச்சா என்னும் மதுவைக் காய்ச்சியிருக்கிறார்கள். வடிப்பகத் தரையில் உயர்குடிப் பெண்கள் சால்வையில் குத்தும் உலோக ஊசிகள் கிடந்தன. ஆகவே அங்கே வேலையை நடத்தியவர்கள் பெண்களே என்று மைக்கேல் மோஸ்லி, ரயான் வில்லியம்ஸ், டோனா நாஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது மச்சு பிச்சுவின் கற்சுவரைவிடப் பெரிய செய்தி. 1000-ஆம் ஆண்டையொட்டி வாரிகள் அந்தக் குன்றைக் கைவிட்டபோது, கடைசியாகக் குடித்துவிட்டு வடிப்பகத்துக்குத் தாங்களே தீ வைத்து, கேரோ என்னும் குடிகலங்களையும் அந்த நெருப்பில் எறிந்திருக்கிறார்கள்.

கட்டுரையோடு வெளியான வரைபடத்திலும் இன்காச் சாலைகள் மட்டுமே இருந்தன. வாரி, திவனாக்கு, சாவின் மூன்றையும் குறித்து அதைத் திருத்தி வெளியிட வேண்டும். இந்த மூன்றைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்றும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகி, கும்பகோணம்