முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

ஆறு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்குப் பரீட்சை முடிந்ததா?

விஷயம் நம்ம கேரம் செல்வத்தைப் பற்றி. உன்னிடம் மட்டும் சொல்லச் சொன்னான், அதனால் படித்ததும் கிழித்துவிடு.

போன மாதம் போயிருந்தபோது போர்டை எடுத்துப் போட்டோம். ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். குறி பார்க்கிறான் என்றே நினைத்தேன். சிவப்பைப் போடாமல் காப்பியைத் தொடாதவனுக்குத் தன் முறை என்பதே மறந்துவிட்டது! சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகிறதென்று அடுப்படியில் நின்று அழுதாள் அவன் மனைவி. அப்பாவுக்குச் சோம்பல் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்.

2004-இல் தாம்பரத்தில் எச்.ஐ.வி.க்கு இலவச மாத்திரை தொடங்கிய காலத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டவன். கடையை இடம் மாற்றிய பிறகு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எட்டு மாதமாக அந்த மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. சென்டர் பக்கமே போகவில்லை. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களிலேயே, வெள்ளையணுக்களுக்குள் ஒளிந்து மூளைக்குள் போய்விடுகிறதாம். நரம்பு செல்களுக்குள் அது பெரும்பாலும் நுழைவதில்லை. அவற்றுக்குக் காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காவல்காரன் கக்கும் நச்சில்தான் நரம்புகள் வாடுகின்றன. மூளையின் ஆழத்தில் அடி விழுவதால், மறதியோடு மந்தமும் சேர்ந்துகொள்கிறது. செல்வத்துக்கு உன் பெயர், உன் அப்பா பெயர் எல்லாம் நினைவிருக்கிறது. வாய்க்கு வரத்தான் நேரமாகிறது.

காசநோய், பூஞ்சைக் காய்ச்சல் மூளையைத் தாக்கினாலும் இப்படி ஆகலாம் என்று ஸ்கேன் எடுத்து, முதுகுத்தண்டு நீரையும் பார்த்தார்கள். அதெல்லாம் இல்லை. மறுபடி மாத்திரை தொடங்கியாயிற்று. 1996-இல் கூட்டு மருந்து வருவதற்கு முன், எய்ட்ஸ் முற்றியவர்களில் நூற்றுக்கு 15, 20 பேருக்கு முழு அறிவுத் தேய்வே வந்ததாம். மருந்தை விடாதவர்களுக்கு இப்போது அது அபூர்வம். ஆனால் கிருமி அடங்கிய பிறகும் சிலருக்குக் கொஞ்சம் மந்தம் தங்கிவிடுமாம். அதுதான்டா என்னை அரிக்கிறது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. வரும்போது உன் பழைய ஸ்ட்ரைக்கரைக் கொண்டு வா. நேற்று போனில் அவனாகவே கேட்டான்.

உன்,
ராஜு