நாற்பது பேர் நடுவில் நான் சொன்ன பொருள்

அன்புள்ள மகளுக்கு,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பெரியம்மா எழுதுகிறேன். தை மாதத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் குழந்தையைத் தொட்டிலில் இட்டுப் பெயர் சொன்ன அன்று, ஏறக்குறைய நாற்பது பேர் நடுவில் நான் பேசிய பேச்சுக்காக இந்தக் கடிதம். தொலைபேசியில் தனியாகச் சொல்லியிருக்கலாம். பலர் கேட்கச் சொன்னதைத் திரும்பப் பெறுவதும் பலர் அறியவே நடக்க வேண்டும் என்று தோன்றியதால், உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று மாப்பிள்ளையின் அக்கா குழந்தையின் காதருகே குனிந்து, "நெய்தல்" என்று மூன்று முறை சொல்லி நிமிர்ந்தாள். நெய்யா, நெய்தலா என்று ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெய் டப்பா என்றுதான் கூப்பிடும் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதோடு போயிருக்க வேண்டிய பேச்சை நான்தான் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். "சங்கப் பாட்டில் கடற்கரைத் திணையான நெய்தலுக்கு உரிப்பொருள், அதாவது அதற்கென்று வகுத்த உணர்வு, இரங்கல். சாவு வீட்டில் முழங்கும் பறைக்கும் நெய்தல் பறை என்றுதான் பழைய பெயர். பெண் குழந்தைக்கு இதை யார் எடுத்துக் கொடுத்தது?" என்று, வகுப்பில் பாடம் நடத்தும் குரலில் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. படிக்காதவர்கள் சொன்னது கேலியாய்க் காற்றில் போயிற்று. முப்பத்தோரு ஆண்டு தமிழ் ஆசிரியையாக இருந்தவள் சொன்னதோ தீர்ப்பாய் அந்தக் கூடத்திலேயே தங்கிவிட்டது. "பெரியம்மாவே வேண்டாம் என்கிறார்களே" என்று அன்று மாலையிலேயே பேச்சுக் கிளம்பியதும், பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறாமல் இன்றுவரை நிற்பதும் என்னால் வந்தவை.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தபோது, நீ குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போன நேரத்தில், மாப்பிள்ளையின் பாட்டி என்னைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய அடையாள அட்டையைப் பார்க்கச் சொன்னார்கள். அவருடைய கணவர் ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர் என்றும், அந்த வேலையில்தான் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்ததாகவும் சொன்னார்கள். 1898இல் தொடங்கி, ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்ற பெயரில் ஊருக்கே சோறு போட்ட அந்த ஆலை 2020இல் மூடப்பட்ட அன்று, வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லையாம். "அவர் செய்த வேலையைத்தான் பிள்ளைக்குப் பேராக வைத்திருக்கிறார்கள்" என்று பாட்டி சொன்னபோது, நான் வைத்திருந்த காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நெய் என்னும் வினையடியோடு தல் என்னும் விகுதி சேர்ந்தால் நெய்தல், தொழிற்பெயர். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இலக்கணம்! என் கண்ணுக்குத் திணையும் பறையும் தெரிந்தன, தறி தெரியவில்லை.

நீ ஏன் அன்றே சொல்லவில்லை என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். தவளக்குப்பம் தாண்டிக் கன்னியக்கோயில் வருவதற்குள் கோபம் திசை மாறிவிட்டது. பெயருக்கு என்ன பொருள் என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லை. உனக்குப் பொருள் சொன்னேன். கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: உன் பிரசவத்திலிருந்து இந்தச் சித்திரை வரை உன்னிடம் பேசியவர்களில் எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் பதிலோடு வந்தார்கள்?

பெயரைப் பற்றி வந்த மற்றப் பதில்களையும் நான் அறிவேன். மார்கழித் திருவாதிரையில் பிறந்தவள், சிதம்பரமோ பக்கத்தில், ஆகவே சிவகாமி என்பது உன் மாமியாரின் வாதம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். திருவாதிரைக்குக் கு, க, ங, ச என்று பஞ்சாங்கம் எழுத்துக் கொடுக்கிறது என்று ஒருவர் சொன்னார். ங என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு பெண் பெயரைத் தமிழில் யாராவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள். வடமொழி எழுத்து வரிசைக்குப் போட்ட கணக்கு அது, நம் வாய்க்கு எப்படிப் பொருந்தும்? எண் கணிதம் பார்த்த உன் மாமனாரின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெயரை ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக எழுதி, கால்தேய முறைப்படி கூட்டியவருக்கு 24 வந்தது, பித்தாகரஸ் முறைப்படி கூட்டியவருக்கு 33 வந்தது. இருவரும் தத்தம் கணக்கே சரியென்று சண்டைக்கு நின்றார்கள். ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் இரண்டுமே 6, சுக்கிரனுக்கு உரிய எண் என்று தெரிந்ததும் உன் மாமனார் அமைதியாகிவிட்டாராம். அவருக்குப் பிறகு அந்த வீட்டில் எதிர்ப்பென்று மிஞ்சியது நான் சொன்ன பொருள் மட்டும்தான்.

சான்றிதழைப் பற்றி யாரும் உன்னை அவசரப்படுத்த வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், அதை மருத்துவமனையிலேயே முடித்துவிட்டீர்கள். குழந்தையின் பெயரைப் பதிவில் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒருமுறை ஏறிவிட்ட பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அதனால் நகராட்சிக்குப் போகும் நாளில் நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போங்கள். துணைக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அழைத்துப் போகாதே.

உன் மாமியாரின் நியாயத்துக்கு வருகிறேன். பேரன், பேத்தி என்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதே அந்த உறவுச் சொல்லின் பொருள். உன் மாமியாருடைய தாயாரின் பெயர் சிவகாமி என்பது உனக்குத் தெரியும். தன் தாயின் பெயரை ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட அவர்களுக்கு ஓர் ஆசை, அதற்குத் திருவாதிரையும் சிதம்பரமும் சாட்சிக்கு வந்தன. முன்பு இதற்கு வீடுகளில் ஒரு வழி இருந்தது. என் அண்ணனுக்கு எங்கள் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால் என் அம்மா அவனைக் கடைசி வரை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டாள். பதிவில் ஒரு பெயர், அடுப்படியில் ஒரு பெயர் என்று இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன. உன் மாமியார் வீட்டுக்குள் சிவகாமி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். நெய்தல் என்று எழுதிய பெயரை அது அழித்துவிடாது.

நான் தினமும் வலம் வரும் பாடலீசுவரர் கோயில் ஊரில் கரையேறியதாகச் சொல்லப்படும் பெரியவரையே எடுத்துக்கொள். திருவாமூரில் பெற்றவர்கள் வைத்தது மருள்நீக்கியார். சமணராக இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் நாவுக்கரசர். சம்பந்தர் என்ற சிறுபிள்ளை வாய்நிறையக் கூப்பிட்டது அப்பர். புகழனாரும் மாதினியாரும் எவ்வளவு யோசித்து வைத்திருப்பார்கள்! நம் மாவட்டத்தில் இன்று மருள்நீக்கியார் என்றால் யாரென்று கேட்பார்கள். அப்பர் என்றால் குழந்தைக்கும் தெரியும். உன் ஊரிலும் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் இருந்தார், காலணியோடு நீதிமன்றம் போகும் உரிமைக்காகப் பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1881இல் பிரெஞ்சு ஆணை வந்ததும், தானே தேர்ந்து லப்போர்த் என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். நெய்தலும் வளர்ந்து அவளாக ஒரு நாள் பேசுவாள், அன்று நீயும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெயர் விஷயத்தில் இவ்வளவு தாராளமாகச் சொல்கிறவள், வளர்ப்பு விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே சில இடங்களில் நீ கல்லாக நிற்க வேண்டும். பிறந்த அன்று சேனை தொட வேண்டுமென்று தேனோடு வந்தவர்களை நீ தடுத்தது சரி. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் தேனிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும், காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான், நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. "இந்த வெயிலில் பச்சைப் பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கூடத் தராமல் வைத்திருக்கிறாளே" என்று என்னிடமே உன் சித்தி புலம்பினாள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதித்தந்த சொட்டு மருந்தும் போதும். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், கடலூர் வெயிலுக்கும் அது தாங்கும் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். உரைகல்லில் வசம்பு இழைக்க உன் அம்மா துடிப்பதும் தெரியும். வசம்புக்குப் பேர் சொல்லாதது என்று நம் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அதை வீட்டில் வைத்துக்கொண்டு பேர் சொல்லாமலே இருந்துவிடட்டும்.

"பால் பற்றவில்லை" என்ற பேச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னைத் தோற்கடித்த பேச்சு. 1990இல் என் மூத்தவன் பிறந்து பத்தாம் நாள், அவன் அழுத குரலைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அதைச் சொன்னார். மறுநாள் வேறொருவர். மூன்றாம் நாள் நானே சொல்லத் தொடங்கினேன். டின் பால் வாங்கினோம். அவன் என்னிடம் குடிப்பது குறைந்தது, குடிப்பது குறையக் குறையச் சுரப்பதும் குறைந்தது, மூன்றாம் மாதத்தில் நின்றே போயிற்று. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொன்னவர்களில் ஒருவரும் இரவு இரண்டு மணிக்குப் பால் புட்டியை வெந்நீரில் போட வரவுமில்லை. நீ எண்ண வேண்டியவை இரண்டே: நாளைக்கு ஆறு முறையாவது துணி நனைகிறதா, மாதா மாதம் எடை ஏறுகிறதா. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தவர்களைப் பற்றி நான் குறைவாகச் சொல்லவில்லை. என் மகன் அதில் வளர்ந்தவன்தான், நன்றாக இருக்கிறான். அது எங்கள் முடிவாக இல்லாமல் தெருவின் முடிவாகப் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

விட்டுக்கொடுக்கலாமா என்று நீ கேட்ட மற்றவற்றுக்கு என் எண்ணம் இது. காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை உன் மாமியாரிடமே விட்டுவிடு. தலையைத் தாங்கிப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும், பேத்தியோடு அவர்களுக்கென்று அரை மணி நேரம் கிடைக்கும். ஏணை கட்டுவதென்றால் பகலில், யாராவது விழித்திருக்கும்போது மட்டும். கண்ணுக்குள் மை வேண்டாம், திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும். ஆபரேஷன் செய்து பெற்றவளுக்கு வலி என்ன தெரியும் என்று சொன்னவருக்குப் பதிலே வேண்டாம், எழுந்து உள்ளே போய்விடு. மற்றவர்களிடம் வாதாடாதே. "டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் அத்தை" என்ற ஒரு வரிக்கு இருக்கும் பலம் பத்து நிமிட விளக்கத்துக்கு இல்லை. இன்னொன்று, மாமியாரிடம் சொல்ல வேண்டியதை மாப்பிள்ளை சொல்லட்டும். அம்மா பதிலுக்கு ஏதாவது சொன்னாலும் கோபம் வராமல் கேட்கும் வயது அவருக்கு வந்துவிட்டது. உன் அம்மாவிடமும் என்னிடமும் சொல்ல வேண்டியதை நீ சொல்.

வரும் ஞாயிறு காலை வருகிறேன். அன்று கூடத்தில் இருந்தவர்களில் யார் யார் வருவார்களோ, எல்லோரையும் வரச் சொல். அவர்கள் முன்னால் நெய்தலுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று, அதே ஆசிரியைக் குரலில், தறியைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பாட்டி பக்கத்தில் இருக்கட்டும்.

பண்ருட்டிப் பலா வந்துவிட்டது, ஒரு பழம் கொண்டு வருகிறேன். பால் கொடுக்கிறவள் பலாச்சுளை சாப்பிடலாமா என்று உன் அம்மாவும் சித்தியும் என்னிடம்தான் கேட்பார்கள். எனக்கு இதில் ஒரு கருத்து இருக்கிறது, அதைக் கடலூரிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா