வடிகானின் வாயை ஆறு அடைத்த மாலை

கம்பளை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அக்காவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை மாத்தளைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் தவறு. கோபத்தை வேண்டுமானால் வைத்துக்கொள். ஆனால் இதைக் கடைசிவரை படி. நில அளவையில் முப்பது வருடம் நடந்தவன் நீ. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி நகருக்குள் புகுந்ததே, அதைப் போன்றதன்று இது. அந்த வெள்ளத்தை எந்தக் குழாயும் தடுத்திருக்காது. இம்முறை ஆறு கரைக்குள்ளேயேதான் ஓடியது. கம்பளையில் பின்னேரம் பெய்த மழையும் அதற்குள் விட்டிருந்தது.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வீதியோரத்து வடிகான் மூடியின் துளைகளில் ஒட்டிக்கிடந்த பொலித்தீன் துண்டொன்று, கீழிருந்து யாரோ மூச்சு விடுவதைப் போல உப்பி உப்பி அடங்கியது. முதலில் காற்று, பிறகு குமிழி, அதற்குப் பின் சாயத் தேநீர் நிறத்தில் தண்ணீர். பக்கத்திலிருந்த திறந்த கானில் ஒரு பலா இலை மிதந்தது. ஆற்றை நோக்கிப் போக வேண்டிய அது, ஆற்றை விட்டு விலகிப் புகையிரத நிலையத்தின் பக்கமாகப் போயிற்று. நீ ஒற்றைச் செருப்பைத் தொலைத்த அன்றுகூட நான் அவ்வளவு திகைத்ததில்லை.

மறுநாள் ஆற்றங்கரைக்குப் போய்க் குழாயின் வாயைத் தேடினேன். அது இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மழைநீர்க் குழாயில் தண்ணீரைத் தள்ளுவது தெருவின் நீர்மட்டத்துக்கும் ஆற்றின் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு மட்டுமே. ஆறு குழாயின் வாயை மூடியபின், 2 மீற்றராக இருந்த வேறுபாடு அரை மீற்றராகச் சுருங்கினால், அதே குழாய் பாதி அளவுதான் கடத்தும். வேறுபாடு இல்லாது போனால் ஓட்டமே நின்றுவிடும். ஆறு மேலும் உயர்ந்தால் அதே குழாய் ஆற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நம் கடைத்தெருவின் தாழ்ந்த பகுதி ஆற்றங்கரை மேட்டைவிடப் பள்ளம் என்பதை நீ அறிவாய். கரை உடையாமலே நாங்கள் நனைந்ததற்கு அதுவே காரணம்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஊரில் பெய்யும் மழை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கான்களுக்கு வந்துவிடும். நாவலப்பிட்டிக்கு மேலே பெய்வது ஆற்று வழியே இங்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே வேளையில் மழை தொடங்கினால், ஆறு உயருமுன்பே ஊர்த் தண்ணீர் தப்பிவிடலாம். அன்று மேலே காலையிலிருந்தே பெய்தது, இங்கே பின்னேரம் பெய்தது. இரண்டின் உச்சமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இப்போது பொறுப்பிலுள்ளவர்கள் பெரிய குழாய் போடப் போவதாகச் சொல்கிறார்கள், மச்சான். கேட்டதிலிருந்து எனக்கு உறக்கமில்லை. ஆறு தாழ்ந்திருக்கும் நாளில் பெரிய குழாய் நல்லதுதான். ஆறு உயர்ந்திருக்கும் நாளில் அது ஆறு உள்ளே வருவதற்கான பெரிய வாசல் அல்லவா? வாயில் ஒருவழிக் கதவு வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஆற்று நீரை அது தடுக்கும். ஆனால் கதவு மூடியிருக்கும் வேளையில் ஊர்த் தண்ணீர் உள்ளேயே தேங்கும். அதை இறைக்கப் பம்பியோ, தேக்கிவைக்க இடமோ வேண்டும். ஒரு பிளாஸ்டிக் போத்தல் சிக்கினாலே கதவு மூடாது. குழாயில் ஓட்டம் தளர்ந்தால் மலை மண் அடியில் படியும். வாயருகில் நான் கோலை விட்டுப் பார்த்தேன், முழங்கை ஆழத்துக்கு இறங்கியது.

உன் அப்பாவைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் சரிவுக்குக் குறுக்கே அவர் வெட்டுவித்த கான்களும், மண்ணைப் பிடித்து நிறுத்த அவற்றுக்குள் இடைக்கிடை விட்டுவைத்த சிறு தடுப்புகளும் நினைவிருக்கிறதா? மேட்டுத் தண்ணீரைப் பள்ளத்துக்கு வரவிடாமல் மேலேயே மறித்து, தனிக் குழாயில் ஆற்றுக்குக் கொண்டுபோனால், அந்த உயரமே அதைத் தள்ளிவிடும். ஆறு உயர்ந்திருந்தாலும் அது வெளியேறும். வழியில் தாழ்ந்த தெருவில் அதற்குத் திறந்த மூடி இருக்கக்கூடாது. பிறகு பம்பி இறைக்க வேண்டியது பள்ளத்தில் விழுந்த மழையை மட்டுமே. மலையூரான நமக்கு இந்த வசதி இருக்க, சமவெளி நகரத்தைப் போல் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நாவலப்பிட்டி, பேராதனை நீர்மட்டங்களைத் தினமும் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறேன். நாவலப்பிட்டியில் உயர்ந்தால், கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே ஏற்றச் சொல்லி அயல் கடைகளுக்கும் தெரிவிக்கிறேன்.

உன்னிடம் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த மாதம் வரும்போது உன் லெவல் கருவியைக் கொண்டு வா. என் வாசற்படி, வடிகான் மூடி, குழாயின் வாய், கரை மேடு ஆகிய நான்கின் உயரத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். அந்த நான்கு எண்களும் இல்லாமல் அடுத்த கூட்டத்துக்குப் போக எனக்கு மனமில்லை. தங்குவதற்கு மேல் அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். கீழறையின் சுவர் இன்னும் காயவில்லை.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்