அந்த போட்டோவ அழிச்சா மட்டும் பத்தாது கண்ணு

கயல் கண்ணு,

நல்லா இருக்கியா. போன்ல சொன்னா நீ ஆபீஸ் அவசரத்துல சரிப்பா சரிப்பான்னு வச்சுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நிதானமா ரெண்டு வாட்டி படி.

நேத்து சாயங்காலம் அம்மா ஹால்ல உக்காந்து டேப்ல தீபாவளி போட்டோ பாத்துக்கிட்டு இருந்தா. உன் பழைய டேப்தான், அதுல இன்னும் உன் கூகுள் அக்கவுண்ட்தான் ஓடுது. கோலம், புதுத்துணி, மத்தாப்புன்னு தள்ளிக்கிட்டே வந்தவ திடீர்னு என்னங்க இது யாரோட டிக்டேஷன்னு கேட்டா. எட்டிப் பாத்தேன். நம்ம சாப்பாட்டு மேசை, பூப்போட்ட விரிப்பு, அது மேல உன் கிரிப்டோ காசுக்குச் சாவியான 24 வார்த்தைய நீ எழுதின அட்டை. பக்கத்துல காப்பி டம்ளர் வச்ச ஈரவட்டம் கூட தெரியுது. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு கண்ணு. உடனே டேப்ப வாங்கி அணைச்சு பீரோல வச்சுட்டேன். அந்த டேப்ப பக்கத்து வீட்டுப் பையன் கேம் ஆட எடுத்துட்டுப் போவான், உனக்கே தெரியும்.

நீ பத்திரமா இருக்கட்டும்னுதான் எடுத்திருப்ப, திட்றதுக்காக எழுதல. 2024 ஜூலைல வசீர்எக்ஸ்ங்கற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல கிட்டத்தட்ட 2000 கோடி ரூபா திருடு போனப்ப பயந்துதான நீ எல்லாத்தையும் எக்ஸ்சேஞ்ச்லேந்து எடுத்து இந்த ஹார்ட்வேர் வாலட்டுக்கு மாத்துற முடிவுக்கு வந்த. சரியான முடிவு. நீ ஊருக்குப் போனதுலேந்து நானும் ராத்திரி ராத்திரி உக்காந்து இதப்பத்தி படிச்சேன், 31 வருஷம் பேங்க்ல இருந்தவன், அதுல 9 வருஷம் லாக்கர் செக்‌ஷன், சாவி விஷயம்னா எனக்குத் தூக்கம் வராது.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். உன் காசு அந்த பென் டிரைவ் மாதிரி இருக்கற வாலட் சாமான்குள்ள இல்ல, அது பிளாக்செயின்ங்கற, நெட்ல நிறைய கம்ப்யூட்டர்ல இருக்கற பொதுக் கணக்குப் புத்தகத்துல இருக்கு, சாமான்குள்ள இருக்கறது சாவி. அந்த 24 வார்த்தைதான் சாவியோட அச்சு. அது யார் கைக்குப் போனாலும் உன் சாமானும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், வேற ஒரு வாலட்ல அடிச்சா காசு அவன் கைல. பேங்க் லாக்கர்னா ரெண்டு சாவி, ஒண்ணு கஸ்டமர்கிட்ட, ஒண்ணு எங்ககிட்ட, ரெண்டும் சேந்தாத்தான் திறக்கும். சாவி தொலைஞ்சா கூட கம்பெனி ஆள வரவச்சு சாட்சி வச்சு உடைச்சுக் குடுப்போம். இங்க ரெண்டாவது சாவி கிடையாது, உடைக்கவும் ஆள் கிடையாது, எந்த மேனேஜர்கிட்டயும் போய் நிக்க முடியாது.

அதனால போட்டோவ இப்பவே அழி, ட்ராஷ்லயும் போய் அழி, இல்லன்னா கூகுள் போட்டோஸ்ல 60 நாள் அங்கயே கிடக்கும். ஆனா அதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத. அந்த வார்த்தைங்க வெளிச்சம் பாத்துடுச்சு, எந்தெந்த போன்ல டேப்ல போய் உக்காந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. புதுசா 24 வார்த்தை உருவாக்கி காச அங்க மாத்தணும், இத மட்டும் தள்ளிப் போடாத.

ஆனா ஒண்ணு, அவசரப்பட்டு உங்கிட்ட இருக்கற சாமான ரீசெட் பண்ணிடாத, உள்ள இருக்கற சாவி அழிஞ்சுடும், கெஞ்சிக் கேக்கறேன். அட்டைல ஒரு வார்த்தை தப்பா எழுதியிருந்தா? அன்னிக்கு நீ பேசிக்கிட்டே எழுதின, நான் பாத்தேன். ரீசெட் பண்ணி, அட்டையும் தப்பா இருந்தா எல்லாமே போச்சு. அதனால நான் இன்னொரு சாமான் வாங்கிட்டேன், கம்பெனி அங்கீகரிச்ச கடைலேந்து, டப்பாவ இன்னும் பிரிக்கல. பிரிக்கறப்ப உள்ள ஏற்கனவே வார்த்தை அச்சடிச்சோ எழுதியோ இருந்தா அது மோசடி, சாமானே தன் திரைல புதுசா காட்டற வார்த்தைய மட்டும்தான் எழுதணும்.

புது சாமான்ல வார்த்தைய எழுதிட்டு, ரிசீவ் அட்ரஸ, அதாவது காசு வந்து சேர வேண்டிய கணக்கு நம்பர் மாதிரி இருக்கறத, குறிச்சுக்குவோம். காசு இல்லாதப்பவே வேணும்னே அத ரீசெட் பண்ணிட்டு, எழுதி வச்ச வார்த்தைய ஒண்ணொண்ணா திரும்ப அடிச்சு அதே அட்ரஸ் வருதான்னு பாப்போம். இந்த ஒத்திகைய நிறைய பேர் பண்றதில்லையாம், எனக்கு இதுதான் எல்லாத்தவிட முக்கியமாப் படுது. வந்துச்சுன்னா பழைய சாமான்லேந்து முதல்ல கொஞ்சமா அனுப்பு, வந்து சேந்தப்புறம் மிச்சத்த. அனுப்பறப்ப அட்ரஸ கம்ப்யூட்டர் திரைல பாத்தா பத்தாது, சாமான் திரைல முழுசா படி, காப்பி பண்ற அட்ரஸயே நடுவுல மாத்திவிடற வைரஸ் இருக்கு. 25வது வார்த்தைன்னு பாஸ்பிரேஸ், அதாவது நாமளே வைக்கற கூடுதல் ரகசியச் சொல், ஒண்ணு வச்சுக்கலாம்னு போட்டிருந்துச்சு, இப்ப வேண்டாம், மறந்துட்டா அதுவும் தொலைஞ்ச சாவிதான்.

இன்னொரு விஷயம். அந்த வார்த்தைய யார் கேட்டாலும் குடுக்காத, கம்பெனி பேர்ல லெட்டர் வந்தாலும் சரி. 2020ல லெட்ஜர்ங்கற ஹார்ட்வேர் வாலட் கம்பெனியோட கஸ்டமர்ங்க 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல விவரம் வீட்டு அட்ரஸ், போன் நம்பரோட வெளிய வந்துடுச்சு, அதுக்கப்புறம் சில பேர் வீட்டுக்கே போலி சாமான் தபால்ல வந்திருக்கு, இத மாட்டி உன் 24 வார்த்தைய அடின்னு.

அட்டை விஷயத்துக்கு வரேன். கஜா புயலப்ப நம்ம வீட்டு ஓடு பறந்து உன் டென்த் மார்க் ஷீட்டும் பத்திரமும் நனைஞ்சு கொடில காயப்போட்டோமே, ஞாபகம் இருக்கா. பேப்பர நம்பி இத வைக்க எனக்கு மனசு வரல. அதனால பாத்திரக்கடைல எவர்சில்வர்ல பேர் வெட்டுற சின்ன மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன். கடைக்காரரே வெட்டித் தரேன்னாரு, வேண்டாம்னுட்டேன், இந்த வார்த்தைய நம்ம கைதான் வெட்டணும். பழைய டம்ளர்ல நாலு நாள் பழகினேன், முதல் நாள் ஊசி வழுக்கி கோடு கோடா போச்சு, இப்ப எழுத்து நல்லா விழுது. ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து போதும், இந்த வார்த்தைங்க எல்லாம் வர்ற 2048 இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியல்ல எந்த ரெண்டுக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா வராது. ரெண்டு தகடு வெட்டி ரெண்டு இடத்துல வைப்போம்.

நான் செக்‌ஷன்ல இருந்தப்ப ஒரு அம்மா வந்தாங்க, புருஷன் திடீர்னு போயிட்டாரு, லாக்கர் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது, சாவி அரிசி டிரம்ல கிடைச்சிருக்கு. நாமினி இல்ல. எட்டு மாசம் அலைஞ்சாங்க, ஆனா கடைசில நகைய வாங்கிட்டுப் போனாங்க. உன்னோடதுல எட்டு வருஷம் அலைஞ்சாலும் குடுக்க ஆள் இல்ல கண்ணு. அதனால தகடு எங்க இருக்குன்னு மாப்பிள்ளைக்கு மட்டும் நேர்ல சொல்லு. வார்த்தைய வேண்டாம், இடத்த. எங்களுக்கும் வயசாகுது, உனக்கு ஒண்ணுன்னா அப்படின்னு எழுத கை வரல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறறேன், சனிக்கிழமை காலைல பெங்களூர். மெஷினும் தகடும் புது சாமானும் என் கைப்பைலயே இருக்கும், டிக்கில போட மாட்டேன். நீ லேப்டாப்ப அப்டேட் பண்ணி வை. பழைய அட்டைய கிழிக்காத, நான் வரட்டும். தகடு எங்க வைக்கறதுன்னு ஒரு யோசனை இருக்கு, இதுல எழுதல, வந்து சொல்றேன்.

அப்பா