தீசிஸ் முடிஞ்சாச்சு, நன்றிக் கடன் மட்டும் பாக்கி

எல்லாருக்கும் வணக்கம். பேர் போட்டே நன்றி சொல்லலாம்னு தான் இருந்தேன், ஆனா இதுல பாதி பேர் "என் பேர் வெளிய வரவே கூடாது"ன்னு கண்டிஷன் போட்டு தான் பேசவே ஆரம்பிச்சாங்க, அதனால யாருக்குமே பேர் போடல, படிக்கும்போது அவங்கவங்களுக்கு தானா தெரிஞ்சிடும். வைவா முடிஞ்சு தீசிஸ் பாஸ் ஆயிடுச்சு. தலைப்பு ரொம்ப நீளம், விஷயம் இவ்ளோதான்: "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" அப்படின்னு இயேசு சொன்ன வசனத்த வீட்ல தினமும் அடி வாங்கற ஒரு பொண்ணுகிட்ட போய் சொன்னா அது என்னவா ஆகுது, பெண்ணிய இறையியல், அதாவது பெண்களோட அனுபவத்துல இருந்து கடவுள பத்தி யோசிக்கற இறையியல், அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கு.

முதல் நன்றி கைடு மேடத்துக்கு. நான் என்ன எழுதிட்டு போனாலும் மேடம் கேக்கறது ஒரே கேள்வி தான், "இது முதல்ல யாருக்கு சொன்னதும்மா?" அந்த ஒரு கேள்வில தான், புதிய ஏற்பாட்டுல இருக்கற 1 பேதுருங்கற கடிதத்த பத்தின என் சாப்டர் முழுசும் உருவாச்சு. மனைவிகள் கீழ்ப்படியணும்னு சொல்ல எல்லாரும் 3ம் அதிகாரத்த எடுப்பாங்க இல்லையா, அது "அந்தப்படி மனைவிகளே"ன்னு தொடங்குது. எந்தப்படி? மேல ஏறி பாத்தா 2:18ல பேச்சு வீட்டு அடிமைகள்கிட்ட நடக்குது, முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படிங்க, அநியாயமா அடிச்சாலும் பொறுத்துக்கோங்க, கிறிஸ்துவும் பாடுபட்டாரேன்னு. அதாவது கிறிஸ்துவோட பாடுகள மாதிரியா காட்டினது எதிர்த்துப் பேச எந்த வழியும் இல்லாத ஆளுங்களுக்கு, அத அப்படியே தொடர்ந்து மனைவி பக்கம் வருது. இன்னிக்கி அடிமைத்தனம் தப்புன்னு எல்லா சபையும் ஒத்துக்குது, 2:18அ யாரும் சட்டமா பிரசங்கம் பண்றதில்ல, ஆனா அதே மூச்சுல வர்ற 3:1 மட்டும் இன்னும் ஜோரா ஓடிட்டு இருக்கு! அமெரிக்க கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949ல எழுதினதையும் மேடம் தான் படிக்க சொன்னாங்க. அடிமையா பிறந்த அவரோட பாட்டி, பேரன பைபிள் வாசிக்க சொல்லுவாங்களாம், ஆனா பவுல் நிருபங்கள மட்டும் தொட விடமாட்டாங்களாம், எப்பவாவது அன்ப பத்தி பேசற 1 கொரிந்தியர் 13 தவிர. ஏன்னா எஜமானோட பாதிரியார் வரும்போதெல்லாம் "அடிமைகளே கீழ்ப்படியுங்கள்"னு பவுல வெச்சே பிரசங்கம் பண்ணிருக்காரு. எழுதப் படிக்க தெரியாத அந்தப் பாட்டி பண்ணது எந்த இறையியல் டிகிரிக்கும் குறைஞ்சதில்லன்னு நான் நினைக்கறேன்.

லைப்ரரி அண்ணன், உங்களுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ். அமெரிக்க இறையியலாளர் வேலரி சேவிங் 1960ல எழுதின அந்த கட்டுரைய பத்தி எல்லா புக்லயும் ரெண்டு வரி இருக்கும், முழுசா படிச்சவங்க கம்மி, நீங்க தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்பலன்னா நானும் அந்த ரெண்டு வரியோட நின்னிருப்பேன். அதுல அவங்க சொல்றது, ரைன்ஹோல்ட் நீபர் மாதிரி பெரிய இறையியலாளர்கள் பாவத்தோட வேர் பெருமைன்னாங்க, தன்னையே முன்னால நிறுத்தறது, அதுக்கு மருந்து தன்னையே கொடுக்கற அன்பு. சரி, இது யாரோட அனுபவம்? அதிகாரத்துல உக்காந்திருக்கற ஆணுக்கு சரியா பொருந்தும். பொண்ணோட சிக்கல் நேர் எதிர், தனக்குன்னு ஒரு மையமே இல்லாம, யார் யாருக்காகவோ கரைஞ்சு கரைஞ்சு தானே இல்லாம போறது. அவளப் போய் "உன்னையே வெறுத்துடு"ன்னா அது லோ சுகர்ல மயங்கிக் கிடக்கறவருக்கு சுகர் மாத்திரை கொடுக்கற கதை தான். இதுலயும் ஒரு குறை உண்டு, சேவிங் "பெண்"ணுன்னு பேசும்போது அவங்க மனசுல இருந்தது நடுத்தர வர்க்க வெள்ளைக்காரப் பெண்ணுன்னு பின்னாடி வந்தவங்க சொன்னது ரொம்ப நியாயம்.

அடுத்து, எங்கிட்ட மனசு விட்டுப் பேசின அக்காமாருக்கு. உங்கள பத்தி இங்க அதிகம் எழுத மாட்டேன், வாக்கு வாக்கு தான். ஒரே ஒருத்தங்க சொன்னத மட்டும், அவங்க அனுமதியோட. வீட்ட விட்டு வந்து சபைல உதவி கேட்டப்போ அவங்களுக்கு பைபிள்ல ஆதியாகமம் 16 வாசிச்சு காட்டினாங்களாம். ஆபிரகாமோட மனைவி சாராளுக்கு அடிமையா இருந்து, அவ கொடும தாங்காம ஓடிப்போன ஆகார்கிட்ட தூதன் சொல்றது: "நீ உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப் போய், அவள் கையின்கீழ் அடங்கியிரு." அக்காவும் திரும்பிப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் தானா உக்காந்து தொடர்ந்து படிச்சிருக்காங்க. "ஏம்மா, 21ம் அதிகாரத்துலயும் அவ வனாந்தரத்துல தானே நிக்கறா, அங்க தூதன் திரும்பிப் போன்னு சொல்லவே இல்லையே, தண்ணி தானே காட்டறாரு, இத ஏன் எனக்கு யாரும் படிச்சு காட்டல?" இத போன்ல கேட்டுட்டு என்னால கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

அமெரிக்க கறுப்பின இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993ல ஒரு முழு புத்தகமா போட்டதும் ஆகார வெச்சு தான். கறுப்பினப் பெண்களோட வாழ்க்கைய ஆகாரோட கதையா படிக்கறாங்க: அடிமை, இன்னொருத்திக்காக பிள்ளை பெத்துக் கொடுக்க வெச்ச உடம்பு, அப்புறம் தேவையில்லன்னு துரத்தல். இங்க கடவுள் ஆகார விடுதலை பண்ணலங்கறத அவங்க மழுப்பாம சொல்றாங்க, அவ பொழைக்க வழி காட்றாரு, அவ்ளோதான். அங்கிருந்து தான் சிலுவைக்கும் வர்றாங்க, அடுத்தவங்களுக்குப் பதிலா பாடுபடறதே ரட்சிப்புன்னா, காலம் பூரா அடுத்தவங்களுக்குப் பதிலா சுமந்தவளுக்கு அதுல என்ன நற்செய்தி இருக்கு? மீட்பு இயேசுவோட சாவுல இல்ல, அவர் வாழ்ந்து காட்டின ஊழியத்துல இருக்குங்கறாங்க.

இந்த இடத்துல பாஸ்டர் ஐயாவுக்கு நன்றி சொல்லியே ஆகணும், ஏன்னா அவர் இத கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. பெண்ணிய இறையியலாளர்கள் ஜோன் கார்ல்சன் பிரவுனும் ரெபெக்கா பார்க்கரும் 1989ல, பிதா குமாரன சாகக் கொடுத்தார்னு சொல்ற போதனை கடவுளையே பிள்ளைய வதைக்கற அப்பாவா காட்டுதுன்னு எழுதினத படிச்சுட்டு ஐயா போன்ல போட்ட சத்தம் இருக்கே! ஆனாலும் அடுத்த நாளே கூப்பிட்டு பொறுமையா பேசினாரு. "சாகக் கிடக்கறவங்க பக்கத்துல நான் உக்காந்திருக்கேம்மா, அவங்க பிடிச்சிருக்கறது அந்த சிலுவைய தான், அத நீ பிடுங்கிட்டா பதிலுக்கு என்ன கொடுப்ப?" நியாயமான கேள்வி தான், வில்லியம்ஸுக்கு அப்புறம் வந்த கறுப்பின இறையியலாளர் ஜோஆன் டெரலும் சிலுவைய முழுசா விட முடியாதுன்னு தான் எழுதறாங்க. யோவான் 10:18அ எனக்கு எடுத்துக் கொடுத்தது ஐயா தான், உயிர என்கிட்ட இருந்து யாரும் எடுக்கல, நானா தான் கொடுக்கறேன். அத வெச்சுக்கிட்டு சுவிசேஷத்த மறுபடி படிச்சா எவ்ளோ தடவ இயேசு தப்பிச்சுப் போறாரு தெரியுமா! லூக்கா 4ல மலை மேல இருந்து தள்ள கூட்டிட்டுப் போறாங்க, கூட்டத்து நடுவுல புகுந்து போயிடறாரு. யோவான் 8ல கல்ல எடுக்கறாங்க, மறைஞ்சு வெளிய போயிடறாரு. மத்தேயு 10:23ல சீஷங்ககிட்டயே ஒரு ஊர்ல துன்பப்படுத்தினா இன்னொரு ஊருக்கு ஓடிப்போங்கன்னு சொல்றாரு. அடி தாங்கறதே கிறிஸ்துவ பின்பற்றறதுன்னா, இந்த ஓட்டமெல்லாம் எந்தக் கணக்கு? என் கடைசி சாப்டரே இது தான், அதுக்கு விதை போட்டது என் கருத்த ஏத்துக்காத ஒரு மனுஷன்.

இன்னொரு பக்கம் என் ஃப்ரெண்டு, சாமியும் இல்ல பூதமும் இல்லன்னு சொல்ற பக்கா பெண்ணியவாதி. "ஏண்டி இவ்ளோ கஷ்டப்பட்டு இத ரிப்பேர் பண்ற, வெளிய வந்துட வேண்டியது தானே?" 1971ல ஹார்வர்ட் சர்ச்ல பிரசங்கம் பண்ண கூப்பிட்ட பெண்ணிய இறையியலாளர் மேரி டேலி, பிரசங்கத்தோட முடிவுல மத்தவங்களயும் கூப்பிட்டுக்கிட்டு வெளிநடப்பு பண்ணத அவ சினிமா கதை மாதிரி சொல்லுவா. பிரிட்டிஷ் இறையியலாளர் டாஃப்னி ஹாம்ப்சனும் அப்படித்தான், ஆங்கிலிகன் சபைல பெண்களுக்கு குருப்பட்டம் வேணும்னு போராடிட்டு அப்புறம் கிறிஸ்தவத்தையே விட்டுட்டாங்க, கிறிஸ்து மாதிரி தன்னை வெறுமையாக்கறது ஆம்பளைங்களுக்கு நல்ல பாடமா இருக்கலாம், பொம்பளைக்கு உதவாதுன்னு. அதுக்கு ஆங்கிலிகன் இறையியலாளர் சாரா கோக்லி, கடவுள் முன்னால மௌனமா ஜெபத்துல தன்னைத் திறந்து வெக்கறது வேற, மனுஷன் முன்னால அடங்கறது வேறன்னு பதில் கொடுத்தாங்க. எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். ஃப்ரெண்டு உடனே, "அந்தக் கோட்ட யாருடி போடறது, உங்க பாஸ்டரா?"ன்னா. அந்தக் கேள்விய அப்படியே ஃபுட்நோட்ல போட்டுட்டேன், உன் பேர் இல்லாம, கோச்சுக்காத.

நான் ஏன் கிறிஸ்தவத்த விட்டு வெளிய போகலன்னா, அந்த அக்கா போகல. ஆகார் கதைய மிச்சத்தையும் வாசிச்சு தான் அவங்க வீட்ட விட்டு மறுபடி கிளம்பினாங்க. அவங்க கையில இருக்கற புத்தகத்த எனக்கு வேணாம்னு தூக்கிப் போட முடியல.

டைப்பிங்ல உதவின தம்பி, ப்ரூஃப் பாத்த டீச்சர், சார்ஜர்ல இருந்து சாப்பாடு வரைக்கும் எடுத்துட்டு வந்து வெச்ச அம்மா, எல்லாருக்கும் நன்றி. வைவால எக்ஸ்டர்னல் சார் "சிலுவைய பத்தி இவ்ளோ சொன்னீங்க, உயிர்த்தெழுதல் எங்கம்மா?"ன்னு கேட்டாரு, அது தான் அடுத்த வேலை, மேடம் ரெடியா இருங்க. பேசின அக்காமாருக்கு ஆளுக்கு ஒரு காப்பி பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன், வீட்டுக்கு அனுப்பறது சேஃப் இல்லன்னா சொல்லுங்க, நானே கையில கொண்டு வந்து தரேன். பாஸ்டர் ஐயா, உங்க காப்பில 1 பேதுரு பக்கத்துல மார்ஜின் நல்லா விட்டிருக்கேன், எழுதி அனுப்புங்க.